கை தூக்காத கரை

என் அண்ணி கவுன்சிலர் ஆனதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். முன்பெல்லாம் நாங்கள் இருவரும் சண்டை போட்டால் அது வீட்டோடு முடிந்துவிடும். இப்போது ஊர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது. "கவுன்சிலர்கிட்ட இப்படியா வாயாடுறது?" என்று என் தையல் கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்கள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். அளவு எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டியவர்கள் இவர்கள். நாத்தனார் என்ற பதவிக்கு இருந்த மரியாதை எல்லாம் போயே போய்விட்டது.

அண்ணி எங்கள் கரையில் பிறந்தவர் அல்ல. அவருடைய அப்பா பஸ் கண்டக்டர். கடலுக்கும் அவர்கள் ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் அலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இதை எப்போ நிறுத்துவாங்க?" என்று என்னிடம் கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லியே நான் அவரைப் பல வருஷம் ஓட்டியிருக்கிறேன். அவரும் சளைக்கமாட்டார். நான் தைத்துக்கொடுத்த முதல் சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், விருந்தாளிகள் வந்தால் காட்டுவதற்கு.

அண்ணிக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்து படகுக்காரர்களுக்கு ஐஸ் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அந்த ஜன்னலுக்கு வெளியேதான் ஐஸ் பாதை. கரையிலிருந்து லாரிகள் நிற்கும் பெரிய சாலைக்குப் போக எங்களுக்கு இருக்கும் ஒரே குறுக்கு வழி. மீன் பெட்டி சுமக்கும் பெண்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், உடம்பு முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், எல்லாரும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும். அண்ணி வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். எங்கள் குடும்பத்தில் யாராவது வேடிக்கை பார்த்தால் வேடிக்கையோடு நிறுத்திக்கொள்வோம். இவர் அப்படி இல்லை.

பாதையின் முனையில் இருந்த குழாய் ஒழுகித் தரையெல்லாம் பாசி பிடித்தது. பெட்டி சுமக்கிற பெண்கள் வழுக்கி விழுந்தார்கள். அண்ணி மனுக் கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஒழுகின தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்து, நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டார். வாசலில் வரிசையாக வாளிகளை வைத்துவிட்டு, "இது உங்க தண்ணி. தவறிப்போய் எங்க பக்கம் வந்துடுச்சு. திருப்பிக் கொடுக்க வந்தோம்" என்றார். மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த நாள் குழாய் சரியாகிவிட்டது. அந்த வருஷத் தேர்தலில் கரைக்காரர்கள் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள், ஜெயிக்கவும் வைத்தார்கள்.

என் அண்ணன் படகு டிரைவர். அண்ணிக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிற நான் அவனை மட்டும் அவன் இவன் என்றுதான் சொல்வேன். கூடப்பிறந்தவனுக்கு அதுவே அதிகம். அவன் பேசவேமாட்டான். "எலெக்‌ஷன்ல நிக்கட்டுமா?" என்று அண்ணி கேட்டபோது தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். அப்படியென்றால் சரி என்று அர்த்தம் என்பது அண்ணிக்குத் தெரியும். ஆனால் அது தன் புருஷன் ஒருத்தனுடைய குணம் என்று அவர் நினைத்திருந்தார். வினை அங்கேதான் இருந்தது.

ஐஸ் பாதையின் இன்னொரு பக்கத்தில் இருந்த பழைய கிடங்கை ஒருவர் வாங்கி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக மாற்றினார். விடுதிக்காரர் கெட்டவர் என்று சொல்லமுடியாது, என்னிடம்தான் திரைச்சீலை தைக்கக் கொடுத்தார். ஆனால் அவருடைய ஜன்னலுக்குக் கீழே மீன் தண்ணீர் சொட்டச் சொட்டப் பெட்டிகள் போவது அவருக்கு ஆகவில்லை. பாதையின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு போட்டுக்கொள்கிறேன் என்று நகராட்சியில் கேட்டார். கதவு வந்தால் எங்கள் பெண்கள் தலையில் பெட்டியோடு டீசல் பங்க்கைச் சுற்றிக்கொண்டு, லாரிகள் பறக்கிற சாலையோரமாகப் போகவேண்டும்.

அண்ணி விடுவாரா? பாதை இப்போது இருக்கிறபடியே எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தெரு சம்பந்தப்பட்ட விஷயத்தை அந்தப் பகுதி மக்களே கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று ஒரு விதி இருப்பதாக எங்கிருந்தோ கண்டுபிடித்தார். அதுவரைக்கும் கூட்டமெல்லாம் நகராட்சி அலுவலகத்தில், படகுகள் கடலில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் நடக்கும். முதல்முறையாகக் கரைக்கே கூட்டம் வந்தது. வலை பழுது பார்க்கும் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி நாற்காலி போட்டோம். நகராட்சித் தலைவரும் அவருடைய செயலாளரும் வந்தார்கள். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று சொல்வதால் தலைவருக்கு ஊரில் 'பார்க்கலாம்' என்றே பெயர். நல்ல மனுஷர். பார்க்கத்தான் மாட்டார்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. அண்ணி எழுந்து பேசினார். பாதையை அடைத்தால் யார் யாருக்கு என்ன கஷ்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் முடித்ததும் தலைவர் எழுந்தார்.

"உங்க கவுன்சிலரம்மா கொண்டுவந்த தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

ஒருவரும் கை தூக்கவில்லை. பெட்டி சுமக்கிற பெண்கள் தூக்கவில்லை. வலைக்காரர்கள் தூக்கவில்லை. அண்ணன் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் எங்களைத் திட்டுவீர்கள். படகில் எஞ்சின் சத்தத்தில் யார் பேசினாலும் காதில் விழாது. அதனால் டிரைவர் ஒன்று கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். சும்மா இருந்தால் எல்லாம் சரி, போகலாம் என்று அர்த்தம். படகுக்கு அடியில் சுற்றும் விசிறியில் கயிறு மாட்டிக்கொண்டாலோ, ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டாலோதான் கை மேலே போகும். கை தூக்கினால், நிறுத்து. கரையில் லாரி ரிவர்ஸில் வரும்போதும் அதுவேதான். எங்கள் பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இதைக் கற்றுக்கொள்கின்றன. அண்ணி ஒருநாள்கூடப் படகில் ஏறினதில்லை. ஏறினால் வாந்தி வரும். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

தலைவர் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். செயலாளர் எழுதிக்கொண்டார். "எதிர்க்கிறவங்க?" என்று கேட்டார் தலைவர். விடுதிக்காரரும் அவருடைய மேனேஜரும் சமையல்காரரும் கை தூக்கினார்கள். செயலாளர் அதையும் எழுதிக்கொண்டு நோட்டை மூடினார், முடிவை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றே பேர் நிறுத்தச் சொல்கிறார்கள், ஊரே போகச் சொல்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொட்டகைக்கு வெளியே வந்து எல்லாருக்கும் நானே டீ சொன்னேன். நான் டீ வாங்கிக் கொடுப்பது ஊரில் அடிக்கடி நடக்கிற விஷயம் அல்ல.

வீட்டுக்குப் போனால் அண்ணி சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, கலக்கிட்டீங்க! அந்த மூணு பேர் மூஞ்சியைப் பார்க்கணுமே!" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, வெட்டின துணியை மறுபடி ஒட்டச் சொன்னால்கூட நான் யாரையும் அப்படிப் பார்க்கமாட்டேன். எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். பேசிப் பேசித் தலைவலி வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முழுக்க ஐஸ் கம்பெனி ஜன்னலில் கூட்டம். ஆளாளுக்கு வந்து அண்ணியைப் பாராட்டினார்கள். பெட்டி சுமக்கும் பெண்களுக்கெல்லாம் மூத்தவரான பெரியக்கா, இருப்பதிலேயே நல்ல மீனாகப் பார்த்து எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, "நீ பேசினதுக்கு நாங்க எல்லாரும் அப்படியே கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தோம் பாத்தியா?" என்று பெருமையாகச் சொன்னார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சீட்டுக் கிழித்தார். ஊரே சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார். எப்படித் தாங்கினாரோ.

சாயங்காலம் அண்ணன் என் கடைக்கு வந்து நின்றான். அவன் தானாக வந்து பேசினால் அது பெரிய விஷயம்.

"அவ அழறா," என்றான்.

"எதுக்கு?"

"தெரியல. கவுன்சிலர் வேலை வேணாமாம். விட்டுடறாளாம்."

"ஜெயிச்சதுக்கு யாராவது அழுவாங்களா? நீ ஏதாவது சொன்னியா?"

"நான் எதுவுமே சொல்லலையே," என்றான் பாவம்.

விஷயம் வெளியே வந்தது கதவுக்குப் பள்ளம் தோண்டும்போதுதான். பாதை முனையில் இரும்புத் தூண்கள் வந்து இறங்கின. இரண்டு ஆட்கள் கடப்பாரையால் குத்தத் தொடங்கினார்கள். தலையில் பெட்டியோடு வந்த பெரியக்கா பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போட்ட சத்தத்தில், பாதையோரம் இருக்கும் என் கடையிலிருந்து நான் கத்திரியோடு ஓடிவந்தேன்.

"என்னம்மா இது? நாம ஜெயிச்சோம்ல?" என்று பெரியக்கா ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணி வெளியே வந்தார். அத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது எல்லாம் வெடித்தது. "எங்க ஜெயிச்சோம்? ஒருத்தர் கை தூக்கினீங்களா? ஒருத்தர்! எம் புருஷன் தூக்கினாரா? இதோ நிக்கிறாளே, இவ தூக்கினாளா? பிடிக்கலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம். அவ்ளோ பேர் முன்னாடி என்னைத் தனியா நிக்கவச்சிட்டு, மறுநாள் மீனைக் கொண்டாந்து குடுக்குறீங்க!"

"எதுக்கு நாங்க கை தூக்கணும்? நாங்கதான் சரின்னு சொன்னோமே!"

"எப்போ சொன்னீங்க?"

"சும்மா இருந்தோமே!" என்றார் பெரியக்கா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுப்பாதையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அண்ணி என்னைப் பார்த்தார், பெரியக்காவைப் பார்த்தார், மீன் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். பெரியக்காவும் சிரித்தார். பிறகு அண்ணியின் சிரிப்பு அழுகையாக மாறியது.

"இத்தனை வருஷம் உங்களோட இருந்தும் இது எனக்குத் தெரியல பாருங்க," என்றார். "உங்க பாஷையே தெரியாம நான் எப்படி உங்களுக்காகப் பேசறது? பாதையை மீட்டுக் குடுத்துட்டு விலகிடறேன். இந்தக் கரையில பொறந்த யாராவது வரட்டும்."

நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அந்தக் கண்டக்டர் மகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் வண்டி திரும்பாது. அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் மனசே சரியில்லை. அவர் இல்லாவிட்டால் ஊருக்கு நஷ்டம் என்பதெல்லாம் அப்புறம். கரைக்காரர்கள் அத்தனை பேரும் தலைமேல் வைத்துக்கொண்டாடுகிற ஒருத்தி, தான் இங்கே அந்நியம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்காரப்போகிறாளே என்றுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் அண்ணி வேலையில் குறை வைக்கவில்லை. நேராகத் தலைவரிடம் போனார். நடந்தது வாக்கெடுப்பே அல்ல, மறுபடி கூட்டம் போடவேண்டும், அதுவரை பள்ளம் தோண்டக்கூடாது என்றார். தலைவர் "பார்க்கலாம்" என்றார். அண்ணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "பாருங்க ஐயா, நான் இருக்கேன்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குத் தலைவர் எழுந்தபோதும் அண்ணி அங்கேயே இருந்தார். கடைசியில் தலைவர் பார்த்துவிட்டார்.

அடுத்த வேலை, ஊருக்கு மொத்தமாகக் கை தூக்கக் கற்றுக்கொடுப்பது. என் தையல் கடையில்தான் வகுப்பு. "பிடிச்சிருந்தா கை மேல. பிடிக்கலைன்னா கீழ. அவ்ளோதான்," என்றார் அண்ணி. சொல்வது சுலபம். கை போகவேண்டுமே! பெரியக்கா தோள்வரைக்கும் தூக்கிவிட்டு, "நெஞ்சு படபடங்குதும்மா" என்று இறக்கிவிட்டார். அண்ணன் கை தூக்கினால் முழுகிப்போகிறவன் மாதிரி இருந்தது. ஒருவழியாக எல்லாரும் ஒரேநேரத்தில் தூக்கினார்கள். அந்தநேரம் பார்த்துப் பாதையில் ஐஸ் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. கடைக்குள் இத்தனை கைகளைப் பார்த்த டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் ஐஸ் கட்டிகள் சரிந்து விழுந்தன. "யாரு? யாரு விழுந்தது?" என்று அலறிக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் குனிந்து தேடினார். அன்றோடு வகுப்பு முடிந்தது.

இரண்டாவது கூட்டத்துக்கு முதல் கூட்டத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். தலைவர் தீர்மானத்தைப் படித்துவிட்டு, "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு நொடி ஒன்றும் அசையவில்லை. அண்ணி எங்களைப் பார்த்தார். முதலில் அண்ணனின் கை, பிறகு பெரியக்காவின் கை, பிறகு கொட்டகை முழுக்கக் கைகள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார்கள். செயலாளர் எண்ணிக்கொண்டே போய், பாதியில் விட்டுவிட்டு, நிறைவேறியது என்று எழுதினார். விடுதிக்காரர் பெருமூச்சு விட்டார். பாதை எங்களுடையது.

நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் அண்ணி மறுபடி எழுந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை, கண்ணில் மட்டும் தண்ணீர்.

"இன்னொரு விஷயம் சொல்லணும். நான் இந்தப் பொறுப்புல இருந்து விலகிக்கிறேன். உங்க மனசு புரிஞ்ச ஒருத்தர் இந்த இடத்துல இருக்கறதுதான் நியாயம். என்னை மன்னிச்சிடுங்க."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவருக்கு அன்றைக்கென்று பார்த்து வேகம் வந்துவிட்டது.

"கவுன்சிலரம்மா விலகுறதுக்குக் கூட்டம் சம்மதிக்கணும். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

அவர் முடிக்கவில்லை, அத்தனை கைகளும் மேலே போய்விட்டன. கற்றுக்கொடுத்தது, பழகினது எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆள் தண்ணீரில் விழும்போது யோசித்தா கை தூக்குவார்கள்? கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் இன்னொரு கையைத் தூக்கினார்கள். அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று தூக்கியிருந்தான். என் கையும் மேலேதான் இருந்தது. நிறுத்து, நிறுத்து, நிறுத்து.

"ஏகமனதா..." என்று செயலாளர் எழுதத் தொடங்கினார்.

கையை இறக்கலாம் என்றால், இறக்கினால் எங்கள் கணக்கில் போகலாம் என்று ஆகிவிடும். நாங்களே அவரை அனுப்பினது மாதிரி. இறக்காவிட்டால் அந்தச் செயலாளர் கணக்கில் அவர் போய்விடுவார். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை. கொட்டகையில் இருந்த யாருக்குமே வரவில்லை. விடுதிக்காரரின் கையும் மேலே இருந்தது. அவர் எந்தப் பாஷையில் தூக்கினார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அண்ணி எங்களைப் பார்த்தபடி நின்றார். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு அவர் கண் மெதுவாகப் போனது. பெரியக்காவின் கையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார்.

"எழுதாதீங்க சார்," என்றார்.

"ஏம்மா? எல்லாரும் சம்மதிச்சுட்டாங்களே!"

"இல்ல சார். அவங்க நிறுத்தச் சொல்றாங்க."

"கை தூக்கியிருக்காங்கம்மா!"

"அது உங்களுக்குப் புரியாது சார்," என்றார் அண்ணி. அழுதுகொண்டே சொன்னாலும் குரல் அதட்டலாகத்தான் வந்தது, ஐஸ் ஜன்னலில் முண்டியடிக்கிறவர்களிடம் வருகிற அதே அதட்டல். "அது படகுல பேசற பேச்சு. எனக்குத் தெரியும். நான் சொல்றேன், எழுதிக்கோங்க. யாரும் சம்மதிக்கல. ஒருத்தர்கூட."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கொட்டகையைப் பார்த்தார். ஒருவரும் கை இறக்கவில்லை. செயலாளர் எழுதினதை அடித்துவிட்டு அண்ணி சொன்னபடியே எழுதினார்.

"சரிப்பா, புரிஞ்சுது. கையை இறக்குங்க," என்றார் தலைவர்.

அப்போதும் ஒரு கைகூட இறங்கவில்லை.

"என்னப்பா, அதான் எழுதியாச்சே?" என்று அவர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

என் அண்ணன், பத்துப் பேர் நடுவில் வாய் திறந்தே பார்த்திராத என் அண்ணன், "முதல்ல அவ உட்காரட்டும்," என்றான்.

அண்ணி உட்கார்ந்தார்.